பொம்மையைத் தூக்கிப் போடாதீர்கள்

தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகர் ஐயா அவர்களே, உடல்நலம் குன்றிய நிலையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த பொம்மலாட்டக் கலைஞர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசிய அம்மையார் அவர்களே, பெற்றோர்களே, குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும். எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை. குழந்தைகளுக்கான தொலைக்காட்சிக்கு இதுதான் இலக்கணம். இன்று பொம்மை, அனிமேஷன் என்று இரண்டையும் பேசப்போகிறேன்.

1969 நவம்பரில் அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. அதில் 'பிக் பேர்ட்' என்று எட்டடி உயர மஞ்சள் பறவை ஒன்று வரும். உள்ளே இருந்தவர் கரோல் ஸ்பின்னி. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கியபடியே நிற்பார். அந்தக் கைதான் பறவையின் தலை. சுண்டுவிரலை அசைத்தால் பறவை கண் சிமிட்டும். மார்பில் கட்டிய குட்டி டிவியைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். நீங்கள் ஐந்து நிமிடம் கையைத் தூக்கி வைத்துப் பாருங்கள், தெரியும்!

அந்தத் தொடரில் கடைக்காரர் ஹூப்பராக வந்த வில் லீ 1982-இல் இறந்துபோனார். வேறொருவரைப் போட்டுச் சமாளித்திருக்கலாம். செய்யவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் ஒரு பகுதி ஒளிபரப்பானது. பறவை எல்லோரையும் படமாக வரைந்து எடுத்து வருகிறது. ஆளுக்கொரு படம் கொடுக்கிறது. ஹூப்பர் எங்கே, அவர் படத்தைக் கொடுக்கணுமே என்கிறது. அவர் இறந்துவிட்டார் என்கிறார்கள். சரி, திரும்பி வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது பறவை. இனி வரமாட்டார் என்று சொல்ல வேண்டிய பெரியவர்கள் உண்மையாகவே கண் கலங்கி நின்றார்கள். அம்மா, அப்பா சொல்லத் தயங்குவதை ஒரு பொம்மை கேட்டது, குழந்தைகளுக்குப் புரிந்தது. அதனால்தான் சொல்கிறேன், ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும்.

அனிமேஷனுக்கு வருகிறேன். கிழக்கு ஜெர்மனியில் 1959-இல் குழந்தைகளைத் தூங்க அனுப்ப வந்த 'சாண்ட்மென்ஷன்' பொம்மை, அந்த நாடே இல்லாமல் போன பிறகும் வந்துகொண்டிருக்கிறது. இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுத்த பொம்மை அது.

ஆனால் என் மனம் வேறொன்றில் கிடக்கிறது. நுரை ரப்பரில் செய்த பொம்மை சில பத்தாண்டுகளில் பொடிந்து உதிர்ந்துவிடும். பழைய ஒளிப்பதிவு நாடாக்களையோ, மறுபடி பயன்படுத்துவதற்காகப் பல நிலையங்கள் அழித்தே விட்டன. பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சன் தன் அம்மாவின் பழைய மேலங்கியை வெட்டி 1955-இல் செய்த முதல் 'கெர்மிட்' தவளை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. மற்ற பொம்மைகளுக்கு அந்தக் கொடுப்பினை வேண்டாமா?

நூலகர் ஐயா அவர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். வெயிலும் ஈரமும் படாத ஒரே ஒரு அறை கொடுங்கள். தொலைக்காட்சியில் பொம்மை ஆட்டியவர்கள், படம் வரைந்தவர்கள், குரல் கொடுத்தவர்கள் வீட்டுப் பரணில் இருப்பதை அங்கே சேர்ப்போம். விரலை எப்படி அசைத்தார்கள் என்பதை அவர்கள் இருக்கும்போதே படம்பிடித்து வைப்போம். இந்தக் கோரிக்கைக்கான கையெழுத்துத் தாள் செயலாளரிடம் இருக்கிறது. போகும்போது போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.