குளிரிலும் ஏசியை நிறுத்தாதீர்கள்

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். நான் மட்டக்களப்பில் ஹயருக்கு வான் ஓடுகிறவன். மாரிகாலத்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தில் கேட்டதும் வண்டிக் கண்ணாடி மங்குகிற விஷயம்தான் எனக்கு ஞாபகம் வந்தது, ஏனென்றால் அதால் ஒருமுறை எட்டுப் பேரோடு பள்ளத்தில் விழப் பார்த்தேன்.

டிசம்பர் விடுமுறை, செங்கலடி, மஹாஓயா, பிபிலை வழியாக நுவரெலியாவுக்குப் பயணம். வழியெல்லாம் மழை, எல்லோரும் நனைந்த உடுப்போடு இருந்தார்கள். லுணுகலை தாண்டி ஏறும்போது பின் சீற்றிலிருந்த அம்மம்மா, "குளிருது மகன்" என்றார். நான் ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளையும் முழுக்க ஏற்றிவிட்டேன். இரண்டு நிமிஷம் இருக்காது, முன்கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. கையால் துடைத்தேன். எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் அந்தத் துடைத்த கோடுகளில் பரவி, வளைவு எங்கே, பள்ளம் எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. எப்படியோ ஓரமாக நிறுத்தினேன்.

நடந்தது இதுதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகை அளவில் குளிர் கூடும். கண்ணாடி குளிர்ந்துவிடும், உள்ளே எட்டுப் பேரின் மூச்சும் ஈர உடுப்பின் ஆவியும் போக இடமில்லாமல் அதில் படியும், ஐஸ் தண்ணீர்க் கிளாஸ் வியர்க்கிற மாதிரி. ஏசி வெறும் குளிரூட்டி மட்டுமில்லை, காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து எடுப்பதும் அதுதான். வண்டிக்குக் கீழே சொட்டுகிற தண்ணீர் அந்த ஈரம்தான். திடீரென்று நிறுத்தினால் ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கிற சுருளில் மிச்சமிருக்கும் தண்ணீரும் ஆவியாகி உள்ளேயே திரும்பி வரும். அதனால் ஏசி ஓடட்டும், கூடவே ஹீற்றரைப் போடுங்கள், காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். கார் படத்துக்குள் அம்பு வளைந்திருக்கிற பட்டனை அணைத்துவிடுங்கள், அப்போதுதான் வெளிக்காற்று வரும். ஹீற்றர் இல்லாத வண்டியென்றால் இரண்டு பக்கக் கண்ணாடியையும் இரண்டு விரல் அளவு இறக்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

சரி, நம்ம ஊருக்குள் நடப்பது வேறு. இரவு மழை விட்டதும் கல்லடிப் பாலத்தில் ஏசியைக் கடுமையாக வைத்துக்கொண்டு போனால், வாவிக்காற்றின் ஈரம் கண்ணாடியின் வெளிப்பக்கம் படியும். பலர் இது தெரியாமல் உள்ளே துடைத்துத் துடைத்துக் களைத்துப் போகிறார்கள். விரலால் உள்ளே தொட்டுப் பாருங்கள், விரல்பட்ட இடம் தெளியாவிட்டால் மங்கல் வெளியே. வைப்பரை ஒருதரம் போட்டு, ஏசியின் குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பினால் முடிந்தது.

மங்காமல் இருக்க, ஈரக் குடையையும் நனைந்த கால்மிதியையும் வண்டிக்குள் விடாதீர்கள். கண்ணாடியின் உட்பக்கத்தில் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு எப்போதும் இருக்கும், அதில்தான் ஈரம் சீக்கிரம் ஒட்டும். பாத்திரம் கழுவுகிற திரவத்தில் ஒரு துளியைத் துணியில் விட்டுத் தேய்த்து, பிறகு காய்ந்த துணியால் தெளியும்வரை துடைத்தால் சில நாளைக்குத் தாங்கும். ஏசி ஃபில்டர் அடைத்திருந்தால் என்ன செய்தும் காற்று வராது, அதையும் பாருங்கள். மங்கல் பிசுபிசுப்பாக, இனிப்பு வாசத்தோடு வந்தால் மட்டும் துடைத்துப் பயனில்லை. ஹீற்றரில் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கிற திரவம், கசிகிறது, கராச்சுக்குக் கொண்டுபோங்கள்.

நான் இப்போது பிபிலையில் தேநீருக்கு நிறுத்தும்போதே காய்ந்த துவாயால் உள்கண்ணாடியைத் துடைத்து, ஹீற்றரையும் போட்டுவிட்டுத்தான் மலை ஏறுகிறேன். குளிருகிறவர்களுக்கென்று பின் சீற்றில் இரண்டு போர்வை கிடக்கும்.