பலே (ballet) நடன வகுப்பில பிள்ளையளை ஏன் பாயில படுக்க வைக்கிறியள்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். இண்டைக்கு முக்கியமா ஒரு கேள்வி. விசுவமடுவில இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறா. அப்பிடியே வாசிக்கிறன்: "ரீச்சர், மகளுக்கு ஒன்பது வயசு. நாலு மாசமா ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸில கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு வாறன். வீட்டில ஒருக்கா ஆடிக் காட்டு பிள்ளை எண்டு கேட்டா, பாயை விரிச்சுப் படுத்து மூச்சு விட்டுக் காட்டுறா. பலே பழகத்தானே விட்டனான், உந்தப் பிலாட்டிஸ் என்னத்துக்கு? அவ பரதமும் பழகிறா. ரெண்டையும் பழகினா ஒண்டு கெட்டுப் போகாதோ?"

அம்மா, இதை நீங்கள் வாய்விட்டுக் கேட்டது எனக்குப் பெரிய சந்தோசம். கன தாய்மார் மனசுக்குள்ளயே வச்சிருந்திட்டு, ஒரு சனிக்கிழமையோட பிள்ளையை நிப்பாட்டிப் போடுவினம். ஏன் நிண்டவ எண்டே எங்களுக்குத் தெரியாது.

உங்கட மகள் பாயில சும்மா படுத்துக் கிடக்கேல்ல. போன கிழமை நடந்ததைச் சொல்லுறன். பொதுநோக்கு மண்டபத்தில பாயை விரிச்சு, பிள்ளையளை மல்லாக்கப் படுக்க விட்டு, ஒரு காலை மடிச்சு மற்றக் காலை நேரா மேல தூக்கச் சொன்னனான். பிறகு ஒவ்வொருத்தற்ற அடிவயித்திலயும் ஒரு சிரட்டையை வச்சு, அரைவாசிக்குத் தண்ணி விட்டன். இப்ப தூக்கின காலால மேல ஒரு வட்டம் கீறவேணும். தண்ணி சிந்தக் கூடாது. முதல் வட்டத்திலயே முக்கால்வாசிப் பேரின்ர சட்டை நனைஞ்சு போச்சு. சத்தமும் சிரிப்பும்தான். உங்கட மகள் வட்டத்தைச் சின்னனாக்கினவ. ஒரு தேசிக்காய் அளவுக்கு, அவ்வளவு சின்ன வட்டம். ஒரு துளி சிந்தேல்ல. நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்ல, அவவா யோசிச்சுக் கண்டுபிடிச்சது.

அதுதானம்மா பலே. கால் அசையேக்க இடுப்பு அசையாமல் இருக்கிறது. மேடையில ஒரு பெண் காலைத் தூக்கி நிக்கேக்க நாங்கள் காலைத்தான் பாக்கிறம். ஆனா அந்தக் காலைத் தாங்கிறது அடிவயிறும் நாரியும் சுத்தி இருக்கிற சின்னச் சின்னத் தசையளும். அதுகளுக்குப் பலம் இல்லாட்டி, கால் மேல போகேக்க நாரி வளைஞ்சு குடுக்கும். பத்து வயசில நோகாது. பதினெட்டு வயசில நோகும்.

பிலாட்டிஸ் எண்டது ஒரு மனுசன்ர பேர். யோசேப் பிலாட்டிஸ், 1883 இல ஜேர்மனியில பிறந்தவர். முதலாம் உலகப் போர் நேரம் இங்கிலாந்தில இருந்திருக்கிறார். ஜேர்மன்காரர் எண்டபடியா பிரித்தானியர் பிடிச்சு, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில இருக்கிற மான் தீவில (Isle of Man) முகாமுக்குள்ள வச்சிருந்தவை. அந்த முகாமுக்குள்ள இருந்துதான் தன்ர பயிற்சி முறையைத் திருத்தித் திருத்தி எடுத்தவர். முகாம், கம்பிவேலி எண்டு சொன்னா எங்கட ஆக்களுக்கு விளங்கும், நான் கனக்கச் சொல்லத் தேவையில்ல. ஒரு சின்ன இடத்துக்குள்ள, ஒரு சாமானும் இல்லாமல், உடம்பை மட்டும் வச்சுக்கொண்டு என்ன செய்யலாம் எண்டு பாத்த ஆள். பிறகு 1926 இல நியூயோர்க்குக்குப் போய் ஒரு பயிற்சிக் கூடம் திறந்தார். அங்க நடனக்காரர் தேடி வரத் தொடங்கினவை. ஜோர்ஜ் பலன்சின், மார்த்தா கிரகாம் மாதிரி நடனம் அமைக்கிற பெரிய ஆக்கள் தங்கட ஆட்டக்காரரை அவரிட்ட அனுப்பினவை. தன்ர முறைக்கு அவர் வச்ச பேர் கொன்ட்ரோலஜி, கட்டுப்பாட்டுக் கலை எண்ட மாதிரி. அவர் செத்த பிறகுதான் பிலாட்டிஸ் எண்ட பேர் ஊரெல்லாம் நிலைச்சது. பாயில செய்யிற 34 பயிற்சி எழுதி வச்சிருக்கிறார். அதில சின்னப் பிள்ளையளுக்கு நான் எடுக்கிறது ஏழோ எட்டோதான். மகள் உங்களுக்கு மூச்சு விட்டுக் காட்டினாவே, அது 'நூறு' எண்ட பயிற்சி. ஐஞ்சு எண்ணி மூச்சு இழுத்து, ஐஞ்சு எண்ணி விடுறது, பத்துத் தரம். கையை ரெண்டு பக்கமும் தண்ணியில தட்டிற மாதிரி மேலும் கீழுமா அசைக்க வேணும். பெரிய ஆக்கள் தலையைத் தூக்கிச் செய்வினம். பிள்ளையள் தலையைப் பாயில வச்சே செய்யட்டும். பிடரி நோகக் கூடாது.

இன்னொரு காரணமும் இருக்கு, அது எங்கட நிலம். பலே பழகிற இடத்துக்கு அடியில கொஞ்சம் நெகிழ்வு குடுக்கிற பலகைத் தளம் வேணும். பாய்ஞ்சு விழேக்க அந்த அடியை நிலம் வாங்கிக் கொள்ளும். எங்களிட்ட இருக்கிறது சீமெந்து. சீமெந்து ஒண்டையும் வாங்காது, முழுக்கத் திருப்பிக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் குடுக்கும். ஒரு மூலையில ரப்பர் விரிச்சு அதுக்கு மேல பலகை போட்டிருக்கிறம், நாலு பிள்ளையள் நிக்கலாம். பாய்ச்சல் எல்லாம் அதுக்கு மேலதான், அதுவும் முறை வச்சு. மற்ற நேரம் பாயில பலம் ஏத்திறம். கொழும்பில பலகைத் தளம் இருக்கிற இடத்தில ஒரு பிள்ளை முப்பது தரம் துள்ளலாம். எங்கட பிள்ளை எட்டுத் தரம் துள்ளினாக் காணும், ஆனா அந்த எட்டும் சத்தமில்லாமல் இறங்க வேணும். விரல், பிறகு முன்பாதம், பிறகு குதிக்கால். இறங்கேக்க முழங்கால் மடிய வேணும்.

இனிப் பரதம். கெட்டுப் போகாதம்மா, நான் உறுதியாச் சொல்லுறன். உங்கட மகள் அரைமண்டி இருந்து பழகினவ. பலேயில முதல் பழக்கிறது பிளியே. பிரெஞ்சுச் சொல்லு, மடிச்சது எண்டு அர்த்தம். பலே வார்த்தை முழுக்கப் பிரெஞ்சுதான், ஏனெண்டா 14 ஆம் லூயி அரசன் 1661 இல பாரிசில நடனத்துக்கெண்டு ஒரு அக்கடமி தொடங்கினவர், அங்கதான் இந்த அடவுகளை ஒழுங்கு படுத்தத் தொடங்கினது. பிளியேயும் அரைமண்டியும் பாக்க ஒரே மாதிரி. ரெண்டிலயும் தொடை வெளிப்பக்கம் திரும்பும், முழங்கால் மடியும், முதுகு நிமிந்து நிக்கும். வித்தியாசம் எங்க எண்டா, அரைமண்டியில நீங்கள் அங்கயே இருந்து நிலத்தைத் தட்டுவியள். பிளியே அப்பிடி இருக்கிறதில்ல, இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும். பரதத்தில பாதம் நிலத்தோட கதைக்கும், சத்தம் வேணும். பலேயில அந்தச் சத்தத்தை ஒளிக்கிறம். பிள்ளை இதை ரெண்டு பாஷை மாதிரிப் பிடிச்சுக் கொள்ளும். வீட்டில தமிழும் பள்ளிக்கூடத்தில இங்கிலீசும் கதைக்கேல்லையே. கொஞ்ச நாளைக்குக் கையில குழப்பம் வரும். பலேயில கையை வட்டமாப் பிடிக்கச் சொன்னா உங்கட மகள் நுனியில அலபத்மம் விரிக்கிறா, பரதத்தில தாமரை விரிஞ்ச மாதிரிப் பிடிக்கிற முத்திரை. அது வடிவாத்தான் இருக்கு, எனக்குத் திருத்தவே மனம் வராது. கெதியா மாறிப் போகும். பரத ரீச்சரிட்ட மகள் பலேயும் பழகிறா எண்டு ஒரு சொல்லுச் சொல்லி வையுங்கோ. ரெண்டு வகுப்பும் ஒரே நாளில வேண்டாம்.

ரெண்டு நடனத்துக்கும் பொதுவான ஒரு ஆபத்து இருக்கு. அதை எல்லா அம்மாமாரும் கவனமாக் கேளுங்கோ. கால் வெளிப்பக்கம் திரும்பிறது இடுப்பு மூட்டில இருந்து நடக்க வேணும். சில பிள்ளையளுக்கு இடுப்பு அவ்வளவு திரும்பாது, எலும்பின்ர அமைப்பு அப்பிடி. அப்ப பாதத்தை மட்டும் இழுத்துத் திருப்பிப் போட்டு நிப்பினம். பாக்கிறவைக்கு வடிவு. ஆனா நடுவில முழங்கால் முறுகும். நான் சின்னனில பழகின வகுப்பில பாதம் நேர்கோட்டில வந்தாத்தான் கெட்டிக்காரி. நானும் அப்பிடியே இழுத்து நிண்டன். பதினாறு வயசில ஒரு நாள் முழங்கால் வீங்கி, சீலை கட்டி, மூண்டு மாசம் நொண்டினன். படியால இறங்கேக்க இண்டைக்கும் அந்தக் கால் எனக்குச் சொல்லிக் காட்டும். அதாலதான் என்ர வகுப்பில ஒரு பிள்ளையையும் பாதத்தை இழுத்துத் திருப்ப விடமாட்டன். கொஞ்சமாத் திரும்பினாக் காணும்.

கால்விரல் நுனியில நிண்டு ஆடுற நுனிக்கால் சப்பாத்து எப்ப குடுப்பியள் எண்டும் கன பேர் கேக்கிறியள். உள்ளுக்குக் கட்டை வச்சிருக்கு, இரும்பு வச்சிருக்கு எண்டு கதை இருக்கு. அப்பிடி ஒண்டும் இல்ல. துணியையும் கடதாசியையும் அடுக்கடுக்காப் பசை போட்டு இறுக்கினதுதான் பழைய முறை. நிக்க வைக்கிறது சப்பாத்து இல்ல, கணுக்காலும் வயிறும். பதினொண்டு, பன்னிரண்டு வயசுக்கு முதல் நான் குடுக்க மாட்டன். அதுவும் வயசை மட்டும் பாத்து இல்ல, வருசக் கணக்கா ஒழுங்காப் பழகி, ஒற்றைக் காலில குதி தூக்கி ஆடாமல் நிக்கிற பிள்ளைக்குத்தான். கலைவிழாவுக்கு ஒரு ஐட்டம் வேணும், சப்பாத்தோட மேடையேத்துங்கோ எண்டு கேட்டு வாற பெற்றோருக்கு நான் இல்லை எண்டுதான் சொல்லுறன். அவையின்ர ஆசை எனக்கு விளங்குது. ஆனா வளருற எலும்பு பொறுக்காது.

பொடியன்மாரை விடலாமோ எண்டும் ஒரு அப்பா கேட்டவர். விடுங்கோ. லூயி அரசனே ஆடினவர். எங்கட கூத்தில பெண் வேசம் கட்டினதும் ஆம்பிளையள்தானே, ஆரும் பகிடி பண்ணினவையோ?

இப்ப அம்மா, உங்களுக்கு. பிள்ளையள் பாரை (பிடிச்சு நிக்கிற கம்பை) பிடிச்சுப் பழகிற அந்த முக்கால் மணித்தியாலம் நீங்கள் எல்லாரும் வாசல் விறாந்தையில கால் நீட்டி இருந்து நாரியைப் பிடிச்சுக்கொண்டு கதைக்கிறதை நான் பாக்கிறனான். களை பிடுங்கி, தண்ணி தூக்கின நாரி. போன மாசத்தில இருந்து நாலு அம்மாமார் உள்ளுக்கு வந்து பின்வரிசையில பாய் போட்டிருக்கினம். சேலையோட வரவேண்டாம், பஞ்சாபிச் சட்டை காணும். ஒரு விசயம் மட்டும் கட்டாயம். உடம்பில பீஸ் (ஷெல் துண்டு) இருக்கிற ஆக்கள், முதுகில காயம் பட்ட ஆக்கள், ஒப்பரேசன் செய்த ஆக்கள், ஆஸ்பத்திரியில டொக்டரிட்டயோ பிசியோதெரபி செய்யிறவையிட்டயோ முதல் கேட்டுக்கொண்டு வாங்கோ. என்னட்டயும் ஒளிக்காமல் சொல்லுங்கோ. ஒரு அம்மாவுக்கு இடது தோளுக்குக் கீழ பீஸ். அவவுக்கு மல்லாக்கப் படுக்கிற பயிற்சி ஒண்டும் இல்ல, எல்லாம் சரிஞ்சு படுத்தும் கதிரையில இருந்தும்தான். கதிரையில இருந்து செய்தாலும் அது பிலாட்டிஸ்தான்.

இண்டைக்கு வீட்டில ஒரு வேலை செய்து பாருங்கோ. மகளைக் கதவு நிலையை ஒரு கையால பிடிச்சு நிக்கச் சொல்லுங்கோ. குதிக்கால் ரெண்டும் முட்ட, பாதம் கொஞ்சமா வெளிப்பக்கம். முழங்காலை மெதுவா மடிக்கட்டும், குதி நிலத்தில இருந்து கிளம்பக் கூடாது. நீங்கள் முன்னுக்கு இருந்து முழங்கால் சில்லைப் பாருங்கோ. சில்லு ரெண்டாவது கால்விரலுக்கு நேர மேல வந்தாச் சரி. உள்பக்கம் சாயுது எண்டா, பாதத்தை இன்னும் கொஞ்சம் உள்ளுக்குத் திருப்பிவிட்டு மறுபடி பாருங்கோ. எவ்வளவு திருப்பின பிறகு நேரா வந்தது எண்டதை ஒரு கரித்துண்டால நிலத்தில கீறி, ஃபோனில படம் எடுத்து சனிக்கிழமை கொண்டு வாங்கோ. அந்தக் கோட்டில இருந்துதான் அவவுக்கு அடுத்த பாடம்.