கதவு திறந்த பிறகு: விடுதலை எதற்காக?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லாருக்கும் என் வணக்கம்.

கிறிஸ்தவ விசுவாசம் சொல்லும் ஆவிக்குரிய விடுதலையின் நிறைவு எதில் இருக்கிறது? கட்டுகளிலிருந்து விடுபடுவதிலா, பிறரை நேசித்து ஊழியம் செய்வதிலா? இதுதான் தலைப்பு. ஊழியம் செய்வதில்தான் என்று சொல்ல எங்கள் அணி வந்திருக்கிறது.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் அழகாகச் சொன்னார்: பாவத்தின் பிடி அறுந்தது, மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணத்தின் சாபம் நீங்கியது, மரணபயம் போனது, இதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் மறுபடியும் சுமைதான் என்றார். சரி, அவர் சொன்ன மூன்றையும் நான் முழுமனதோடு ஏற்கிறேன். அவை இல்லாமல் கிறிஸ்தவமே இல்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட முடியுமா, நடுவர் அவர்களே?

கலாத்தியர் நிருபத்தை எடுத்தார். யூதரல்லாத விசுவாசிகளும் விருத்தசேதனம் என்ற யூதச் சடங்கைப் பண்ணியே ஆகவேண்டும் என்று சிலர் அந்தச் சபைகளைக் குழப்பியபோது ஆதித் திருச்சபையின் அப்போஸ்தலரான பவுல் கொதித்துப்போய் எழுதிய கடிதம் அது. "கிறிஸ்து நமக்கு உண்டாக்கின சுயாதீன நிலைமையிலே நிலைகொண்டிருங்கள்" என்ற ஐந்தாம் அதிகாரத்தின் முதல் வசனத்தை நண்பர் உணர்ச்சியோடு வாசித்தார். அதே அதிகாரத்தின் பதின்மூன்றாம் வசனத்தையும் வாசித்திருக்கலாம்: "இந்தச் சுயாதீனத்தை நீங்கள் மாம்சத்திற்கேதுவாக அநுசரியாமல், அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்." மாம்சம் என்பது இங்கே சுயநல ஆசை. ஒரே கை, ஒரே கடிதம், அதே கொதிப்பு. விடுதலையைக் காக்கச் சண்டை போட்ட அதே மனிதர்தான், அதை எதற்குப் பயன்படுத்தவேண்டும் என்பதையும் சொல்கிறார்.

இது மறுபடியும் சுமை ஆகாதா என்று கேட்கிறார்கள். 1520-ல் ஜெர்மனியின் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் கிறிஸ்தவனின் சுதந்திரத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கிறிஸ்தவன் யாருக்கும் கட்டுப்படாத எஜமான் என்றார். அடுத்த மூச்சிலேயே, கிறிஸ்தவன் எல்லாருக்கும் கட்டுப்பட்ட ஊழியன் என்றார். முரண்பாடாகத் தெரிகிறதல்லவா? அவர் விளக்கம் இதுதான்: தேவனிடமிருந்து எல்லாவற்றையும் இலவசமாகப் பெற்றுக்கொண்டவனுக்குத் தன் நற்செயல்களை வைத்து இனிச் சம்பாதிக்க எதுவும் இல்லை. ஆகவே அவை முழுவதும் அயலானுக்கே போகலாம். யோசித்துப் பாருங்கள். புண்ணியக் கணக்கு எழுதுகிறவன் பசித்தவனுக்குச் சோறு போடும்போதும் அவன் கண் தன் கணக்கின் மேல்தான் இருக்கும். பசித்தவன் அவனுக்கு ஒரு வழி, அவ்வளவுதான். கணக்கு தீர்ந்தவன்தான் எதிரே இருக்கிறவனை மனிதனாகப் பார்க்க முடியும். அதனால்தான் சொல்கிறேன், எதிரணி கொண்டாடுகிற அந்த விடுதலை எங்கள் பக்கம் வந்துதான் நிறைவாகிறது.

யோவான் சுவிசேஷம் பதின்மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்றும், தாம் தேவனிடத்திலிருந்து வந்தவர், தேவனிடத்திற்கே போகிறவர் என்றும் அறிந்து எழுந்தார் என்கிறான் எழுதினவன். தான் யார் என்பதில் துளியும் சந்தேகம் இல்லாதவர் குனிகிறார். தாழ்ந்துவிடுவோமோ என்ற பயம் உள்ளவனால் அப்படிக் குனிய முடியாது. அவரைக் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசின் கால்களும் அந்த அறையில்தான் இருந்தன என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் பேச்சு தடைபடுகிறது.

கொரிந்து பட்டணத்துச் சபையிலும் இதே கதைதான். விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா என்று கேள்வி வந்தது. விக்கிரகம் ஒன்றுமில்லை, சாப்பிட உரிமை உண்டு என்று பவுலுக்குத் தெரியும். ஆனாலும் அது சகோதரனுக்கு இடறலானால் என்றைக்கும் இறைச்சி தின்னமாட்டேன் என்றார். உரிமையை விட்டுக்கொடுக்கிற உரிமையும் அவரிடம் இருந்தது.

இனி எதிரணியின் கடுமையான கேள்வி. "ஊழியம், கீழ்ப்படிதல் என்று சொல்லித்தானே அடிமைகளை அடக்கினார்கள்?" என்றார்கள். நியாயமான கேள்வி, இதை ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது. 1807-ல் லண்டனில், பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சடித்தார்கள். இஸ்ரவேலரை மோசே எகிப்திலிருந்து மீட்டு வந்த கதையை அதில் வெட்டியிருந்தார்கள். அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்ற கலாத்தியர் மூன்றாம் அதிகார வசனத்தையும் எடுத்துவிட்டார்கள். எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற வசனம் மட்டும் பத்திரமாக இருந்தது. வேதத்தின் பெயரால் நடந்த அக்கிரமம் அது. ஆனால் கவனியுங்கள், விடுதலையை வெட்டி எறிந்த பிறகுதானே அவர்களால் வெறும் கீழ்ப்படிதலைப் போதிக்க முடிந்தது? மிரட்டிப் பிடுங்கும் வேலைக்கு ஊழியம் என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள். எங்கள் அணி பேசுவது விடுதலையானவன் தானாகக் கொடுப்பதைப் பற்றி.

கடைசியாக பிலிப்பி பட்டணம். அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரம். பவுலையும் அவருடைய உடன் ஊழியர் சீலாவையும் விசாரணையே இல்லாமல் கோலால் அடித்து, உட்காவலறையில் தள்ளி, கால்களைத் தொழுமரம் என்ற மரக்கட்டையில் மாட்டிவைத்தார்கள். நடுராத்திரியில் இருவரும் ஜெபித்துப் பாடினார்கள். பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன, எல்லாருடைய கட்டுகளும் கழன்றன. எதிரணி சொல்லும் விடுதலை அந்த நொடியிலேயே முழுமையாகக் கிடைத்துவிட்டது! கைதிகள் ஓடிப்போயிருப்பார்கள் என்று எண்ணிய சிறைக்காரன் பட்டயத்தை உருவித் தன்னைக் கொல்லப் போனான். பவுல் உரத்த சத்தமாய்க் கூப்பிட்டார்: உனக்குக் கெடுதி செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்.

அடிமைப் புத்தியா அது? மறுநாள் காலையில் அதிகாரிகள் ஆள் அனுப்பி, போகலாம் என்றபோது அதே பவுல், "ரோமர்களாகிய எங்களை விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்தார்கள், இப்போது இரகசியமாய் அனுப்புகிறார்களோ? அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும்" என்று சொல்லிவிட்டார். ரோமக் குடிமக்களை விசாரிக்காமல் அடித்துவிட்டோமே என்று பயந்துபோன அதிகாரிகள் நேரில் வந்து கெஞ்சினார்கள். தன் மரியாதையை யாரிடமும் விட்டுக்கொடுக்காத ஒரு மனிதர், முந்தின ராத்திரி, தன்னைத் தொழுமரத்தில் மாட்டினவனின் உயிருக்காக நின்றார்.

எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே: கட்டு கழன்றதோடு விடுதலை முடிந்துவிட்டதென்றால், கதவு திறந்திருந்தும் பவுல் ஏன் வெளியேறவில்லை?