சேலத்து மக்காச்சோளமும் நாமக்கல் முட்டையும்

[காட்சி: தலைவாசல் பக்கம் சாலையோரத்தில் காயும் மக்காச்சோளம்]

வணக்கம். முட்டை விலை ஐந்து காசு ஏறினாலும் செய்தியில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கோழிப் பண்ணைக்காரர்கள் தினமும் விசாரிப்பது மக்காச்சோளம் என்ன விலை என்றுதான்.

நாமக்கல் 1997 முதல் தனி மாவட்டம். அதற்கு முன் சேலத்தோடுதான் இருந்தது. சேலம் மாவட்டத்தின் ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லிப் பக்கம் விளையும் மக்காச்சோளம் இன்றும் நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குப் போகிறது.

[காட்சி: கூண்டுக் கோழிகள், தீவனத் தொட்டி]

ஒரு முட்டைக் கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். அதில் பாதியளவு மக்காச்சோளம். பத்தாயிரம் கோழி என்றால் தினமும் அரை டன்னுக்கு மேல் வேண்டும். உற்பத்திச் செலவில் ஏறக்குறைய 70 சதவீதம் தீவனத்துக்கே போய்விடும். புரட்டாசியில் முட்டை விற்பனை படுத்துவிடும். அதற்காகக் கோழியைப் பட்டினி போட முடியுமா? முட்டைக்கு அறிவித்த விலையிலும் வியாபாரிகள் ‘மைனஸ்’ போட்டு, அதாவது சில காசுகளைக் குறைத்து, எடுப்பது இன்னொரு வேதனை.

2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து, பெட்ரோலில் கலக்கும் எத்தனால் எடுக்க மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. கோழிக்கு இப்படி ஒரு போட்டி வந்தது. இறக்குமதிக்கு அனுமதி வேண்டும் என்று கோழித்தொழில் தரப்பில் கேட்கிறார்கள். அவர்கள் நெருக்கடி உண்மை. ஆனாலும் இதை என்னால் ஏற்க முடியவில்லை. 2018இல் பயிரைத் தின்ற படைப்புழுவால் நொந்துபோன மானாவாரி விவசாயிக்குக் கிடைக்கும் விலையை நாமே உடைக்கலாமா?

[காட்சி: மழையில் தார்ப்பாய் போட்டு மூடிய மக்காச்சோளக் குவியல்]

எனக்குத் தெரிந்த வழி வேறு. ஈரமான மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது கோழியின் ஈரலைக் கெடுக்கும், முட்டையும் குறையும். அதனால் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போனாலே விலையைக் குறைப்பார்கள். மழை நேரத்தில் ரோட்டில் கொட்டிக் காயவைக்கும் விவசாயி, வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்.

ஏற்றுமதி பற்றி நிறையப் பேசுகிறோம். வளைகுடாவுக்கு முட்டை போவது நல்லதுதான். ஆனால் பறவைக் காய்ச்சல் என்ற ஒரு செய்தி போதும், அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். தீவனம் நம் கையில் இருந்தால் ஏற்றுமதி நின்ற மாதங்களையும் தாண்டலாம்.

சரி, என்ன கேட்கலாம்? தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதோடு ஆத்தூர் வட்டாரத்தில் உலர்த்தும் இயந்திரமும் கிடங்கும் வேண்டும். நஞ்சுப் பரிசோதனையும் அங்கேயே நடக்க வேண்டும். உழவர் குழுவும் பண்ணையாளர்களும் விதைக்கும்போதே விலை பேசிக்கொண்டால், தை மாதம் அவசரமாக விற்க வேண்டிய மக்காச்சோளத்தை ஆனி வரை வைத்திருந்து கொடுக்கலாம்.