காசுல அம்மா முகம் காணாம போன கதை

எல்லாருக்கும் வணக்கம்ங்க, ரோமன் தங்கக்காசு பத்தி பேசக் கூப்பிட்டதுக்கு நிலையத்துக்கு ரொம்ப நன்றி. நான் இன்னிக்கு ரோமன் சக்கரவர்த்தி நீரோவோட காசை மட்டும்தான் எடுத்துக்கப் போறேன், ஏன்னா ஒரு அரண்மனைச் சண்டையே அதுல அச்சாயிருக்கு.

அந்த தங்கக்காசுக்கு அவ்ரியஸ்னு பேரு. ஏழரை கிராம் சொச்சம், நம்ம ஒரு பவுனை விட கொஞ்சம் கம்மி. கிபி 54ல நீரோ பட்டத்துக்கு வர்றப்போ வயசு 16தான், உக்கார வச்சது அம்மா அக்ரிப்பினா. அந்த வருஷ காசைப் பாருங்க, தலைப் பக்கத்துல அம்மாவும் பையனும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துட்டு சரிசமமா இருக்காங்க, ஆனா சுத்தி இருக்கற எழுத்து அம்மா பேருதான், சக்கரவர்த்தியோட பேரு பின்பக்கம் ஓக் இலை மாலையை சுத்திப் போயிடுச்சு! அடுத்த வருஷம், 55ல, ரெண்டு முகமும் ஒரே பக்கம் பாக்குது, பையன் முன்னாடி, அம்மா அவனுக்குப் பின்னாடி பாதி மறைஞ்சு தெரியறாங்க, பேரும் இடம் மாறிடுச்சு, அம்மா பேரு இப்போ பின்பக்கம், அங்க நாலு யானை பூட்டின தேர் ஒண்ணு இருக்கும், அவ்ளோ சின்ன எடத்துல நாலு யானையையும் செதுக்கிருக்கான் பாருங்க, அந்த கைக்கு கும்புடு போடணும். அதுக்கப்புறம் அம்மாவே கிடையாது, நீரோ மட்டும்தான். 59ல அவன் ஆளுங்களே அவங்கள கொன்னுட்டாங்க, ஆனா காசுல அவங்க அதுக்கு முன்னாடியே காணாம போயிட்டாங்க.

64ல நீரோ காசோட எடையையும் குறைச்சான், ஒரு ரோமன் பவுண்டு (அது அவங்க எடைக்கணக்கு) தங்கத்துல முன்ன விட அதிகமா, 45 காசு அடிச்சாங்க. அதுக்கப்புறம் வர்ற காசுகள்ல கழுத்தும் தாடையும் நல்லா தடிச்சுப்போன நீரோ, 54 காசுல இருக்கற பையனாங்கறதே நம்பமுடியாது.

இந்த நீரோ காசு நம்ம ஊருக்கும் வந்துருக்குங்க. புதுக்கோட்டைப் பக்கம் 1898ல 501 ரோமன் தங்கக்காசு ஒரே புதையலா கெடச்சுது, அதுல நீரோ காசும் உண்டு, பெரும்பாலானதுல ராஜா முகத்துக்கு குறுக்கால உளியால ஒரு வெட்டு. திரும்ப காசா புழங்கக்கூடாது, வெறும் தங்கமா எடை போட்டு வாங்கணும்னு வெட்டிருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க பல பேரு சொல்றாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது. அதுல சில காசுங்க இப்போ லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, படங்கள அவங்க வெப்சைட்லயே பாக்கலாம், நெத்தி கன்னம்னு பாக்காம வெட்டிருக்காங்க.