ஐந்து டாலர் நன்கொடையைக் கொடுத்தது யார்?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளுள் ஒன்று இரண்டு நாட்களாக என்னை விடவில்லை. அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் பணிபுரியும் நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கடன் அட்டைக் கணக்கிலிருந்து, அவர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு வேட்பாளரின் தேர்தல் நிதிக்கு 5 டாலர் போயிருக்கிறது. "அட்டை எண்ணைத் திருடியவன் அதை வைத்து யாரோ ஒருவருக்கு நன்கொடை கொடுப்பானேன்? அதில் அவனுக்கு என்ன கிடைக்கும்? நானோ எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவன். இதனால் எனக்குச் சிக்கல் ஏதும் வருமா?" என்று கேட்கிறார்.

முதலில் திருடனின் கணக்கைப் பார்ப்போம். நம் ஊர் மின்சாமான் கடையில் பல்பு வாங்கும்போது, கடைக்காரர் மேசையோரம் பொருத்தியிருக்கும் ஒரு ஹோல்டரில் அதை மாட்டி, எரியவிட்டுக் காட்டிய பிறகுதான் அட்டைப்பெட்டியில் போட்டுத் தருவார். சிறு வயதில் அந்த ஹோல்டரையே பார்த்துக்கொண்டு நான் நின்றதுண்டு. எரியாத பல்பு ஒரு பக்கம் போகும், எரிந்தது நம் கைக்கு வரும். திருட்டு அட்டை எண்களை மொத்தமாக வாங்கியவனுக்கும் அப்படி ஒரு ஹோல்டர் வேண்டியிருக்கிறது. அவனிடம் இருக்கும் எண்களில் எவை இன்னும் உயிரோடு இருக்கின்றன, எவற்றை வங்கி முடக்கிவிட்டது என்பது அவனுக்குத் தெரியாது. தேர்தல் நன்கொடைப் பக்கம்தான் அவன் கண்டுபிடித்த ஹோல்டர். அந்த 5 டாலர், பல்பு ஒரு நொடி எரிந்ததற்கான மின்சாரம், அவ்வளவே. பல்பு எரிந்துவிட்டால், அந்த எண்ணை அவன் கூடுதல் விலைக்கு விற்பான், அல்லது மறுநாளே ஒரு மடிக்கணினி வாங்கப் பார்ப்பான்.

ஏன் குறிப்பாக நன்கொடைப் பக்கம் என்றால், அங்கே வாங்குவதற்குப் பொருள் கிடையாது. எனவே அனுப்பி வைக்க ஒரு முகவரியும் தேவையில்லை. 1 டாலரோ 5 டாலரோ, தொகையை அவனே தீர்மானிக்கலாம். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. பணம் போன அடுத்த நொடியில் "நன்றி" என்று திரை சொல்லிவிடும். தேர்தல் காலத்தில் இரவு பகலாக ஆயிரக்கணக்கான சிறு தொகைகள் வந்து குவியும் இடத்தில், இவனுடைய 5 டாலரைத் தனித்துப் பார்க்க யாருக்கும் காரணம் இருக்காது. தொண்டு நிறுவனங்களின் பக்கங்களும் இதே காரணத்துக்காக இப்படிப் பயன்படுத்தப்படுகின்றன.

இந்தியாவில் இருக்கும் நேயர்களுக்கு உடனே ஓர் ஐயம் வரும், "ஓடிபி கேட்காதா?" என்று. இணையத்தில் அட்டையைப் பயன்படுத்தக் கூடுதலாக ஓர் உறுதிப்படுத்தல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலிருந்து கட்டாயமாக்கியதை, ஓடிபி பற்றிய காணொளியில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன். அமெரிக்காவில் அப்படிப்பட்ட பொதுக் கட்டாயம் இல்லை. அங்கே உள்ள தடுப்புகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, அட்டையின் பின்புறம் உள்ள மூன்று இலக்க சிவிவி எண். மற்றொன்று முகவரிச் சரிபார்ப்பு. இதில் வீட்டு எண்ணும் அஞ்சல் குறியீடும் வங்கியிடம் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார்கள். இந்த இரண்டையும் கேட்பதா வேண்டாமா, பொருந்தாவிட்டால் மறுப்பதா என்பதைப் பெரும்பாலும் பணம் பெறுபவரே முடிவு செய்கிறார்.

நேயர் கேட்டதைவிட, அந்த முடிவைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் பராக் ஒபாமாவின் பிரசாரக் குழு, இணையத்தின் வழியே சிறு நன்கொடைகளை அதுவரை யாரும் காணாத அளவில் திரட்டியது. அந்தக் குழு முகவரிச் சரிபார்ப்பை வாசலிலேயே செய்யவில்லை. பணம் வந்த பிறகு பட்டியலைப் பரிசோதித்துத் தவறானவற்றைத் திருப்பித் தருகிறோம் என்றது. எதிரே நின்ற ஜான் மெக்கெய்னின் குழு அந்தச் சரிபார்ப்பைப் பயன்படுத்தியது. விளைவு என்னவென்றால், ஒபாமா குழு தேர்தல் ஆணையத்திடம் அளித்த பட்டியலில் "குட் வில்" என்றொருவர், "டூடேட் ப்ரோ" என்றொருவர் இடம்பெற்றார்கள். வேலை தருபவர் "லவிங்", தொழில் "யூ" என்று எழுதப்பட்டிருந்தது. இவர்கள் பெயரில் சிறு சிறு தொகைகளாக வந்து, கூட்டிப் பார்க்கும்போது ஒருவர் ஒரு தேர்தலுக்குத் தரக்கூடிய அன்றைய உச்சவரம்பான 2,300 டாலரை அவை தாண்டியிருந்தன. மிசௌரி மாநிலத்துப் பெண்மணி ஒருவர் பெயரில் 174,800 டாலர் பதிவாகியிருந்தது. அவரோ ஒரு காசும் கொடுக்கவில்லை. யாரோ அவருடைய பெயரை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தைக் கூர்ந்து கவனியுங்கள். நான் சொன்ன இரண்டு தடுப்புகளும் பெயரைப் பார்ப்பதில்லை. எண் சரியா, அஞ்சல் குறியீடு சரியா என்றுதான் பார்க்கின்றன. உயிரோடு இருக்கும் அட்டையை வைத்துக்கொண்டு பெயர்க் கட்டத்தில் எதை எழுதினாலும் பணம் போய்ச் சேரும். ஆகவே இங்கே இரண்டு வேறு குற்றங்கள் ஒரே வாசல் வழியாக நுழைகின்றன: நம் நேயருக்கு நேர்ந்ததுபோல, அட்டையைச் சோதிக்கும் திருட்டு ஒன்று, தன் சொந்தப் பணத்தையே பிறர் பெயரில் கொடுத்து உச்சவரம்பை ஏமாற்றுவது மற்றொன்று. பிறர் பெயரில் நன்கொடை தருவதை அமெரிக்கச் சட்டம் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் அங்கே இரு கட்சியினரும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டுகிறார்கள். மோசமான அட்டை ஒன்று பட்டியலில் இருந்தாலே வேட்பாளர் சதி செய்தார் என்று பொருளாகாது. சொல்லப்போனால், அட்டைக்காரர் வங்கியில் புகார் செய்தால், அந்த 5 டாலரோடு அதைவிடக் கூடுதலான தண்டக் கட்டணத்தையும் பிரசாரக் குழுவே இழக்க நேரும். இருந்தும் வாசலைத் திறந்து வைப்பதற்குக் காரணம், நிரப்ப வேண்டிய ஒவ்வொரு கூடுதல் கட்டத்திலும் உண்மையான கொடையாளர் சிலர் பாதியில் விலகிவிடுவார்கள் என்ற அச்சம். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கான விலையை டல்லாஸில் இருக்கும் ஒருவர் தரவேண்டியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஹோல்டரைக் கடைக்கு வெளியே, தெருவில் மாட்டி வைத்தால் ஊரிலுள்ள அத்தனை திருட்டுப் பல்புகளும் அங்கேதான் வரும்.

இன்னொன்று, சட்டத்தின் அளவுகோல்களும் சிறு தொகைக்கு இடம் விடுகின்றன. ஒருவர் தந்த மொத்தம் 200 டாலரைத் தாண்டினால்தான் பிரசாரக் குழு அவருடைய பெயரைத் தன் அறிக்கையில் தனியாகக் காட்ட வேண்டும். எனினும் நன்கொடையை வாங்கி வேட்பாளர்களுக்கு அனுப்பிவைக்கும் ஆக்ட்புளூ, வின்ரெட் போன்ற இடைத்தளங்களின் வழியாக வந்தால், எவ்வளவு சிறிய தொகையும் அந்தத் தளங்களின் அறிக்கையில் பெயரோடு பதிவாகும். நேயருக்கு இது பயன்படும் செய்தி.

இப்போது அவருடைய இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்புரிமை அட்டை உள்ளவர்கள் அமெரிக்கத் தேர்தலுக்கு நன்கொடை தரலாம். எச்1பி விசாவில் இருப்பவர்கள் தரக் கூடாது. இவர் தரவில்லை, இவருடைய எண்ணைத்தான் யாரோ பயன்படுத்தினார்கள். ஆகவே அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் அதற்கான எழுத்து ஆதாரம் கையில் இருக்கட்டும். கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் கொடையாளர் பெயரைத் தேடும் வசதி உண்டு. அங்கே உங்கள் பெயர் இருந்தால், அந்தப் பிரசாரக் குழுவின் பொருளாளருக்கும் எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.

தொகை சிறியதென்று, அதை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு அட்டையை அப்படியே வைத்திருக்காதீர்கள். உங்கள் பல்பு எரிகிறது என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. எண்ணை மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றும்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: நன்கொடைப் பக்கங்கள் பலவற்றில் "மாதந்தோறும்" என்றொரு தேர்வு உண்டு, தொடர் கட்டணம் பெறுவோருக்குப் புதிய அட்டை எண்ணைத் தானாகவே தெரிவிக்கும் ஏற்பாடும் அங்குள்ள வங்கிகளில் உண்டு. அந்த 5 டாலர் மாதத் தவணையாகப் பதிவாகியிருக்கிறதா என்று விசாரித்து, அந்த நிதிக்கு மட்டும் புதிய எண் போய்ச் சேராதபடி செய்துவிடுங்கள்.