கட்டாயத்தில் வந்தவனின் வீரம்

(தண்டையார்பேட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கும் தாய்மார்களுக்கும், விடியற்காலையில் ஓடிவிட்டு மாலையில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நம் நாட்டில் கட்டாய இராணுவச் சேவை கிடையாது. இரண்டாம் உலகப் போரில் 25 லட்சம் பேர் வரை சேர்ந்த இந்திய இராணுவம்கூடக் கட்டாயச் சட்டம் போட்டுத் திரட்டியதல்ல. அக்னிவீர் தேர்வுக்காக 1.6 கிலோமீட்டர் ஓடிப் பழகும் பையனும் தானாகத்தான் போகிறான். வீட்டு நிலைமை துரத்துகிறதா என்பது வேறு கேள்வி, அதற்கு இன்னொரு கூட்டம் வேண்டும். ஆனால் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற தமிழர் வீட்டுப் பையனுக்கு 1967 முதல் சட்டம் வேறு. பதினெட்டு வயதானால் முழுநேரச் சேவைக்குப் போயாக வேண்டும், இரண்டு வருடம். உனக்கு விருப்பமா என்று அவனை யாரும் கேட்பதில்லை.

கேட்காமல் கூட்டி வந்தவனிடம் வீரத்தை எப்படி எதிர்பார்ப்பது? மேடையில் நாம் பேசும் வீரமெல்லாம் மார்பில் வேல் தாங்கிய வீரம், புறமுதுகு காட்டாத வீரம். கைதட்டு வாங்க அது உதவும். எழுத்தராகவோ எலெக்ட்ரீஷியனாகவோ இருந்தவனைப் பிடித்து வந்து அகழியில் நிறுத்தினால் அது உதவாது. அவனுடைய வீரம் கூட வரும் குணமல்ல. சோறு, தூக்கம், காலுறை, பக்கத்தில் நிற்கும் ஆள், நியாயமான அதிகாரி ஆகியவற்றைக் கொண்டு நாள்தோறும் உண்டாக்க வேண்டிய ஒன்று.

தண்டனையால் உண்டாக்க முடியாதா என்று கேட்பீர்கள். முயன்று பார்த்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றங்கள் 3,000க்கு மேற்பட்ட மரண தண்டனைகளை விதித்தன. பெரும்பாலானவை குறைக்கப்பட்டன. ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006ல்தான் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. எதிரியின் குண்டு எங்கே விழும் என்று தெரியாது, சொந்தப் படையின் குண்டு நிச்சயம் விழும் என்கிற கணக்குதான் அந்த முறை. அது ஆளை அகழியில் நிறுத்தி வைக்கும். இக்கட்டான நேரத்தில் அவனை யோசிக்க வைக்காது.

1917ல் பிரெஞ்சுப் படையில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கட்டாயச் சேவையால் திரண்ட படை அது. ஏப்ரல் 16ஆம் தேதி அதன் தலைமைத் தளபதி ஜெனரல் நிவெல் ஜெர்மன் படைமீது பெரும் தாக்குதலைத் தொடங்கினார். 48 மணி நேரத்தில் எதிரி வரிசையை உடைத்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். உடையவில்லை. சில நாட்களிலேயே இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமாக ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதன் பிறகு படைப்பிரிவு படைப்பிரிவாகச் சிப்பாய்கள் மறுத்தார்கள். எதை மறுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அகழியைக் காக்கமாட்டோம் என்று பெரும்பாலோர் சொல்லவில்லை. ஜெர்மன்காரன் வந்தால் தடுப்போம், வீணான தாக்குதலுக்கு மட்டும் போகமாட்டோம் என்றார்கள். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மே மாதம் நிவெலுக்குப் பதிலாக ஜெனரல் பெதேன் தலைமைக்கு வந்தார். தண்டனையும் இருந்தது, 500க்கு மேற்பட்ட மரண தண்டனைகள் விதிக்கப்பட்டன, நிறைவேற்றியது ஐம்பதுக்கும் குறைவு. படையை மீட்டது மற்ற வேலைகள்தான். நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏழு நாள் விடுப்பு என்பதை ஏட்டில் இருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார். விடுப்பில் போகிறவனுக்கு ரயில் நிலையத்தில் சாப்பாடும் தங்க இடமும் ஏற்பாடானது. சமையல் சரியானது. அவரே படைப்பிரிவுகளுக்குப் போய்ச் சிப்பாய்களிடம் குறை கேட்டார். பெரிய தாக்குதல்களை நிறுத்தினார். அக்டோபரில் பிரான்சின் மால்மேசோன் என்ற இடத்தில் எல்லையை முன்கூட்டியே வகுத்து, பீரங்கியை முதலில் பேசவிட்டுத் தாக்கியபோது அதே படை முன்னேறிப் போனது. பிற்காலத்தில் அவர் நாஜிகளோடு ஒத்துழைத்த வரலாறு வேறு. 1917ல் செய்த வேலை இது.

அடுத்து, கால். ஆமாம், பாதம்தான். 1914 குளிர்காலத்தில் தண்ணீர் நின்ற அகழிகளில் ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பாதம் அழுகியது. குளிரிலும் ஈரத்திலும் இரத்தக் குழாய் சுருங்கும். இறுக்கிக் கட்டிய பூட்ஸ் அதை இன்னும் கெடுக்கும். முதலில் மரத்துப்போகும், பிறகு வீங்கும், முற்றினால் வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. தீர்வு சாதாரணமானது: தினமும் பூட்ஸைக் கழற்று, பாதத்தைத் துடை, திமிங்கில எண்ணெய் தடவு, உலர்ந்த காலுறை மாட்டு. ஆனால் களைத்துப் போனவன் தன் காலைத் தானே பார்க்கமாட்டான். அதனால் இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒருவன் காலை இன்னொருவன் பார்க்க வைத்தார்கள். ஒரு பிரிவில் நோய் கூடினால் அதன் அதிகாரி பதில் சொல்ல வேண்டும். ஒழுங்கு என்றால் இதுதான். பூட்ஸ் பளபளப்பு பரேடுக்கு ஆகும்.

நம் ஊரில் குளிருக்குப் பதில் வெயில். கத்திரியில் ஓடும் தம்பிகளே, உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். முதல் வாரத்திலேயே முழு மூட்டையோடு ஓடினால் ஆபத்து. தண்ணீர் வேண்டும், ஆனால் மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் இரத்தத்தில் உப்புக் குறைந்து மயக்கம் வரும். ஓடுகிறவன் சம்பந்தமில்லாமல் உளறினால், தள்ளாடினால், வெயில் தாக்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நிழலில் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், ஆனால் அது வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள்.

கட்டாயப் படையில் இங்கே ஒரு தனிச் சிக்கல். முடியவில்லை என்று எவன் சொன்னாலும், வேலைக்குத் தப்ப நடிக்கிறான் என்று ஹவில்தாருக்குச் சந்தேகம். நடிப்பவனும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சந்தேகத்துக்குப் பயந்து உண்மையில் முடியாதவனும் வாயை மூடிக்கொள்வான். அவன்தான் விழுவான். அதனால் சொல்வதற்கு அவனை நம்பாமல், இணையாக ஓடுகிறவனைச் சொல்ல வைக்க வேண்டும்.

கூட இருப்பவன் என்றதும் வியட்நாம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கா ஆட்களை அங்கே தனித்தனியாக அனுப்பியது. ஒவ்வொருவனுக்கும் 12 மாதம், மரீன்களுக்கு 13. ஒரே பிளாட்டூனில், அதாவது ஒரே சிறு படைக்குழுவில், ஒருவனுக்கு முதல் வாரம், இன்னொருவனுக்குக் கடைசி வாரம். புதியவன் பெயர்கூடத் தெரியாது, பழையவன் நாளை எண்ணிக்கொண்டு ஒதுங்குவான். அதிகாரிகள் பலர் ஆறு மாதத்தில் மாறிவிடுவார்கள், தொழிலைக் கற்றுக்கொள்ளும் நேரத்தில் பெட்டியைக் கட்டுவார்கள். காசிமேட்டில் ஒரு விசைப்படகு நடுக்கடலில் இருக்கும்போது வாரம் ஒரு ஆளை மாற்றினால் யாராவது சம்மதிப்பார்களா? கடைசி ஆண்டுகளில் சொந்த அதிகாரியின் கூடாரத்திலேயே கையெறி குண்டு வீசும் அளவுக்குப் போனது. 1973ல் அமெரிக்கா கட்டாய அழைப்பையே நிறுத்தியது. சேர்ந்து பயிற்சி பெற்றவர்கள் சேர்ந்தே போக வேண்டும், சேர்ந்தே திரும்ப வேண்டும்.

பயத்தைப் பற்றி ஒன்று. பயம் எல்லோருக்கும் வரும். சும்மா இருப்பவனுக்கும் செய்தி தெரியாதவனுக்கும் அது பீதியாக மாறும். நம் துறைமுகத்துக்கே வந்த கதை இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டு, எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டு, அரை மணி நேரத்தில் போய்விட்டது. அது திரும்பி வரவே இல்லை. ஆனால் ஊரை விட்டு ஜனங்கள் ஓடியது பல நாள் நடந்தது. குண்டு விழும் இடத்தில் நல்ல தலைவன் இரண்டே காரியம் செய்வான்: தெரிந்ததை உரக்கச் சொல்வான், ஒவ்வொருவன் கையிலும் ஒரு வேலை கொடுப்பான்.

கடைசியாக, கீழ்ப்படிதல். நம் 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, சட்டத்துக்கு உட்பட்ட கட்டளையை மீறுவதைத்தான் குற்றமாக்குகிறது. மேலதிகாரி சொன்னார் என்பது மட்டும் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்பது நாஜித் தலைவர்கள் மீது நடந்த நூரம்பெர்க் விசாரணைக்குப் பின் உலகம் ஏற்ற கொள்கை. 1968 மார்ச் 16, வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டபோது, அந்தப் படைக் கம்பெனியிலேயே துப்பாக்கியைத் தூக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். ஹியூ தாம்சன் என்ற விமானி தன் ஹெலிகாப்டரைச் சிப்பாய்களுக்கும் கிராமத்தாருக்கும் நடுவில் இறக்கினார். அமெரிக்க இராணுவம் அவருக்கு அதற்காகப் பதக்கம் கொடுத்தது 1998ல்.

வகுப்பில் சட்டப்பிரிவை வாசித்துக் காட்டினால், தவறான கட்டளையைக் கேள்வி கேட்கும் பழக்கம் வராது. பயிற்சி மைதானத்தில், தூக்கமில்லாத இரண்டாம் நாள் இரவில், ஒரு தவறான கட்டளையை வேண்டுமென்றே கொடுத்துப் பார்க்க வேண்டும். திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்கவும், யார் பெயரில் இந்தக் கட்டளை என்று கேட்கவும், அடுத்த மேலதிகாரிக்குத் தெரிவிக்கவும் அங்கேயே பழக்க வேண்டும். அப்படிக் கேட்டவனுக்கு மறுநாள் கூடுதல் காவல் முறை போட்டுவிட்டால், பயிற்சி அன்றோடு வீண்.